அண்ணாச்சி ஓட்டிய எட்டு மணி வண்டி

"அண்ணாச்சி, அந்தப் பதினாலு நிமிசத்துல நீங்க ஒரு நடை ஓட்டிக் காட்டுங்க பாப்போம்."

பேராச்சி இதைச் சொன்னபோது மேனேஜர் விஜயசங்கரின் டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் பாதியிலேயே நின்றுவிட்டது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளைத் தனியாகக் கூப்பிட்டு அவன் சொல்லியிருந்தான். முதலாளியிடம் லீவு கேட்கலாம், சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம், தலைக்கு அடிக்கிற மை எந்தக் கடையில் வாங்குகிறார் என்றுகூடக் கேட்கலாம். 'நீங்க ஓட்டிக் காட்டுங்க' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இதற்கு முன்னால் கேட்டவர்கள் ரெண்டு பேர். ஒருவர் இப்போது இலஞ்சியில் கோழிக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது.

காரணம் இல்லாமல் இல்லை. குழல்வாய்மொழி மோட்டார் சர்வீஸ் முதலாளி முத்துக்குமாரசாமி அண்ணாச்சி, தன் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டியவர். தொண்ணூற்றி ஆறாம் வருஷம் ஒருநாள் காலையில் தென்காசியில் எடுத்த வண்டியைச் சரியாகப் பதினாலு நிமிஷத்தில் குற்றாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்கு வண்டியில் ஏறியதே நாலு பேர்தான், அதில் ரெண்டு பேர் அவருடைய மச்சான்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதினாலு நிமிஷம் அப்படியே கம்பெனிச் சட்டமாகிவிட்டது. ரோட்டில் வண்டி பெருகியது. மேலகரத்தில் வாசற்படிகள் ரோடு வரைக்கும் இறங்கி வந்தன. ஸ்பீட் பிரேக்கர்கள் முளைத்தன. சீசன் வந்தால் மதுரையும் கொல்லமும் சேர்ந்து அருவிக்குக் கிளம்பி வந்தன. பஸ் ஒன்று ஆறானது. பதினாலு மட்டும் பதினாலாகவே இருந்தது.

பிந்தி வருகிற டிரைவருக்கு அபராதம் கிடையாது. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனியின் டைம் ஆபீஸ் இருக்கிறது. அதில் ஒரு மைக். பிந்தி வந்தவன் பேரை அதில் சொல்வார்கள். வெறும் பேரைச் சொன்னால் யாருக்கு உறைக்கும் என்று, ஊர்ப் பேரையும் அப்பன் பேரையும் சேர்த்துச் சொல்லும் ஏற்பாட்டை அண்ணாச்சியே யோசித்துக் கொண்டுவந்தார். அந்த மைக்குக்குப் பயந்துதான் குழல்வாய்மொழி டிரைவர்கள் ஆட்டோவை ஓரம் கட்டினார்கள், ஹாரனில் கையை வைத்தால் எடுக்காமல் போனார்கள், ஸ்கூட்டரில் போகிற பெண்களின் முந்தானைக்கு அரை முழம் பக்கத்தில் டயரை உருட்டினார்கள்.

பத்தொன்பது வருஷமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மந்திரமூர்த்திகூடப் போன மாதம் மேலகரத்தில், வழியை மறித்து நின்ற ஒரு காரின் சாவியை உருவிக் குளத்தில் எறிந்துவிட்டார். சாவி தாமரை இலையில் விழுந்து, ரெண்டு நொடி யோசித்துவிட்டு, முங்கியது. அதை ஒரு கல்லூரிப் பையன் வீடியோ எடுத்தான். தென்காசி மாவட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமே.

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டிரைவர்களுக்குக் கோபத்தைக் கட்டுப்படுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும், பயிற்சி கொடுத்த ஆலோசகர் ஒரு மாதத்துக்குள் தன் அறிக்கையை நேரடியாக அனுப்ப வேண்டும். அண்ணாச்சி ஆலோசகரைத் தேடினார். வீரகேரளம்புதூரில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்துவிட்டு ரெண்டு வருஷமாக வீட்டில் கோபமாக உட்கார்ந்திருந்த பேராச்சி அகப்பட்டாள்.

பேராச்சி குடும்பத்தில் அவளுக்கு முன்னால் பத்தாம் வகுப்புக்கு மேல் போனது அவள் அண்ணன் ஒருவன்தான், அதுவும் பரீட்சை எழுதிய நாட்களில் மட்டும். அவள் அப்பா தங்கசாமி மற்றவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவள் படித்தது என்ன படிப்பு என்று யாராவது கேட்டால், "மனச எக்ஸ்ரே எடுக்குத படிப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் அம்மா வள்ளித்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன வேலட்டி?"

"டிரைவர்மாருக்குக் கோவத்த எப்படி அடக்கணும்னு சொல்லிக் குடுக்கணும்."

"நீயா?"

"ஆமா."

வள்ளித்தாய் கரண்டியோடு மகள் முன்னால் வந்து நின்றாள். போன வாரம் ரேஷன் கடைக்காரனை அவன் கடைக்குள்ளேயே வைத்து வெளியே பூட்டிவிட்டு வந்த மகள் அவள். "அந்த மொதலாளிக்கு ஒன்னப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

வகுப்பு தென்காசி ஷெட்டில், கழற்றிப் போட்ட டயர்களின் நடுவில் நடந்தது. டிரைவர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் மூச்சை இழுத்து, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னாள். எல்லோரும் நல்ல பிள்ளைகளாக எண்ணிக் காட்டினார்கள். மந்திரமூர்த்திதான் கையைத் தூக்கினார்.

"டீச்சர், நேத்து எண்ணிப் பாத்தேன். அஞ்சு வரதுக்குள்ள மூணு ஆட்டோ உள்ள பூந்துட்டான். பத்து எண்ணி முடிச்சா டைம் போயிருது. டைம் போனா மைக்குல எங்கப்பா பேரு வருது. அத கேட்டா கோவம் வருது. மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும். இதுக்கு முடிவு எங்கன இருக்கு?"

பேராச்சியின் பாடப் புத்தகத்தில் அது இல்லை. அதனால் அவள் எழுந்து பஸ்ஸில் ஏறினாள்.

இருபது நாள், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன்னுடைய கைக்கடிகாரத்தை டிரைவர்கள் கையில் கட்டிவிட்டாள். ஆன்லைனில் வாங்கிய மலிவுச் சரக்குதான், ஆனால் நாடித் துடிப்பை அவள் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மந்திரமூர்த்திக்குப் புறப்படும்போது எழுபத்தி எட்டு. குறுக்கே ஆடு வந்தால் எண்பத்தி அஞ்சு. ஆட்டோ வந்தால் தொண்ணூறு. பஸ்ஸில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தால் நூற்றி இருபத்தி ஆறு. ஒருநாள் அதே பஸ்ஸைப் பிரேக் சரிபார்க்கக் காலியாக அதே ரோட்டில் ஓட்டிப் போனார். அதே ஆடு, அதே ஆட்டோ, வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் வேறு. இருபத்தி ஆறு நிமிஷமாயிற்று. எண்பத்தி ரெண்டைத் தாண்டவில்லை. பாதி வழியில் பாட்டுப் பாடினார். பாட்டு சகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆறு டிரைவருக்கும் இதே கதைதான். பேராச்சி எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். சீசனில் இருபத்தி ஆறு நிமிஷம் கொடுங்கள், வகுப்பே வேண்டாம்.

இந்த வியாழக்கிழமைக் காலையில் அண்ணாச்சி அதை வாங்கிப் படிக்காமலே மேஜையில் வைத்தார். பதிலுக்குத் தானே டைப் அடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். 'டிரைவர் மந்திரமூர்த்தி பிறவியிலேயே முன்கோபி. பயிற்சியால் திருத்த முடியாதவர். பணியிலிருந்து நீக்குவதே பொதுமக்களுக்கு நல்லது.' கீழே, கையெழுத்துக்கு இடம் விட்டு, 'பேராச்சி எம்.எஸ்ஸி., உளவியல் ஆலோசகர்' என்று இருந்தது. தன் பேரும் தன் படிப்பும் சேர்ந்து அச்சில் இருப்பதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது.

"நாளைக்குக் கடைசி நாளு," என்றார் அண்ணாச்சி. "இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பிரு. நானும் ஒன்ன நிரந்தரமாக்கிருதேன். வெல்ஃபேர் ஆபீசர்."

"பதினாலு நிமிசத்துல யாராலயும் ஓட்ட முடியாது அண்ணாச்சி."

"நான் ஓட்டுன ரோடுட்டி அது."

அப்போதுதான் அவள், ஓட்டிக் காட்டுங்க என்று கேட்டாள்.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். விஜயசங்கர், மனதுக்குள் இலஞ்சியில் இன்னொரு கோழிக்கடையைத் திறந்து வைத்தான். ஆனால் அண்ணாச்சி சிரித்தார்.

"எட்டு மணி வண்டிய நான் எடுக்கேன். ஏலே சங்கரு, என் லைசன்ஸ எடு. தவறாமப் புதுப்பிச்சு வச்சிருக்கேன் பாத்துக்கோ. அந்த மந்திரமூர்த்தியையும் வண்டியில ஏறச் சொல்லு. அவனும் பாக்கட்டும்."

"இந்த வாட்சையும் கட்டிக்கிடுங்க," என்றாள் பேராச்சி.

"கட்டுட்டி. ரெண்டு கையிலயும் கட்டு."

எட்டு அடிக்கும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் சாரல் ஊசி ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் நிற்க இடமில்லை. தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் பாதிப் பேர், வேலைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர். பேராச்சிக்குப் பக்கத்தில் ஹஸீபா உட்கார்ந்திருந்தாள். குற்றாலத்தில் அருவிக்கரையில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவள், தினமும் இதே வண்டியில் போகிறவள். மந்திரமூர்த்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவரைப் போலக் கூச்சமாக நின்றார்.

அண்ணாச்சி ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். "ஏலே மூர்த்தி, நல்லாப் பாத்துக்கோ. வண்டிங்கது பச்சப் பிள்ள மாதிரி. கோவமே படக் கூடாது."

போனில் எழுபத்தி நாலு காட்டியது.

பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே விழுந்தது. அண்ணாச்சி பிரேக்கை மிதித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போ ராசா, நீ மொதல்ல போ," என்றார். கண்டக்டர் குற்றாலீஸ்வரன் டிக்கெட்டைக் கிழிக்க மறந்து வாயைப் பிளந்தான். எழுபத்தி ஒன்பது.

ராசாவுக்குப் பின்னால் இன்னும் நாலு ராசாக்கள் வந்தார்கள். ரோட்டில் ஏறும்போது எட்டு அஞ்சு. அண்ணாச்சி பஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரம் என்று நினைத்து அவள் வாட்சைப் பார்த்தார். அதில் தொண்ணூற்றி எட்டு என்று இருந்தது. "இது என்ன நேரம் காட்டுது?" என்று எரிந்து விழுந்தார்.

"அது நேரம் இல்ல அண்ணாச்சி, ஒங்க துடிப்பு," என்றாள் பேராச்சி.

"பேசாம வாட்டி. ஓட்டுதவன் கிட்ட பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்லா!"

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் நடுரோட்டில் நின்றது. கதவு திறந்து பதினைந்து பேர் இறங்கி, மலையில் மேகம் இறங்கியிருப்பதைப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி ஹாரன் அடித்தார். பஸ் தங்களுக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லோரும் திரும்பிக் கையாட்டினார்கள். ஒரு சின்னப் பெண் பறக்கும் முத்தம் கொடுத்தது.

"கைய ஆட்டுதானுவ பாரு! பேதில போவானுவ! ஏலே, மேகத்தப் பாத்ததே இல்லியால? ஒங்க ஊர்ல மேகமே கெடையாதா?"

"அண்ணாச்சி, பச்சப் பிள்ள மாதிரின்னு சொன்னிய," என்றார் மந்திரமூர்த்தி, மெதுவாக.

"நீ சும்மா கெட!"

எட்டு பதினொன்று. நூற்றி பதினாறு.

மேலகரம் ஸ்டாப்பில் கூடையோடு அஞ்சாறு பெண்கள் கையைக் காட்டினார்கள். வண்டி மெதுவாகக்கூட ஆகவில்லை. "நிறுத்துல! ஏலே கட்டையில போவான், நிறுத்துல!" என்று ஒரு குரல் ரொம்ப தூரத்துக்குக் கூடவே வந்தது.

"அடுத்த வண்டில வரட்டும்," என்றார் அண்ணாச்சி. "அதுவும் நம்ம வண்டிதான்."

ஸ்பீட் பிரேக்கரில் பஸ் ஏறி இறங்கியதில் ஹஸீபா சீட்டை விட்டு ஒரு சாண் மேலே போய்விட்டு வந்தாள். அவள் வைத்திருந்த வளையல் பெட்டி திறந்து வளையல்கள் பஸ் முழுக்க உருண்டன.

"யாரு இது புது டிரைவரு?" என்றாள் ஹஸீபா, சத்தமாகவே. "மூர்த்தி அண்ணன் ஒழுங்கா ஓட்டுவாவளே. அண்ணே! வீட்டுல சண்டன்னா அத வீட்டோட வச்சுக்கிடுங்க. எங்கள ஏன் போட்டு உருட்டுதிய?"

"அவசரமில்லன்னா எறங்கி நடந்து வாம்மா!"

"அவசரம் ஒங்களுக்குத்தான இருக்கு, நீங்க எறங்கி ஓடுங்க!"

பஸ்ஸே சிரித்தது. அண்ணாச்சியின் பின்கழுத்து சிவந்தது பேராச்சிக்குத் தெரிந்தது. முப்பது வருஷமாக அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. முதலாளி அறையில் எல்லோரும் நின்றுகொண்டே பேசுவார்கள். அங்கே அவர் குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்த வேண்டிய கோபத்தையெல்லாம் அவருக்குப் பதிலாக ஆறு டிரைவர்கள் ரோட்டில் பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரியாக எட்டு பதினாலுக்குப் பஸ் முழுசாக நின்றது.

முன்னால் ஒரு வெள்ளைக் கார். பழக்கடைக்கு நேராக, ரோட்டின் பாதியில் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கக்கூட இல்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு ரம்புட்டானை வாங்கி, உரித்து, வாயில் போட்டு, கண்ணை மூடி ருசி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொன்று. கடைக்காரர் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவதை உரித்தார்.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். பதினாலு போய்ப் பதினைந்து வந்தது. பேராச்சியின் போனில் நூற்றி நாற்பத்தி ஒன்று.

"அண்ணாச்சி, வேண்டாம்," என்றாள்.

அவர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு காருக்கு ஓடினார். ஜன்னலுக்குள் கையை விட்டார். ஸ்டீயரிங்குக்குக் கீழே தடவினார். பக்கத்தில் தடவினார். இன்னும் உள்ளே தடவினார்.

"சாவி எங்கல?"

"சாவி... இதுக்குச் சாவி கிடையாது சார்," என்றார் கார்க்காரர், வாயில் பழத்தோடு. "பட்டன் ஸ்டார்ட்."

அண்ணாச்சி உறைந்து நின்றார். இப்படி ஒரு ஏமாற்றத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. "சாவி இல்லாத வண்டியெல்லாம் எதுக்குல ரோட்டுக்கு வருது!" என்று கத்திவிட்டு, கைக்கு அகப்பட்டதை, அதாவது ரம்புட்டான் பையை, அப்படியே தூக்கிப் பக்கத்து வயலில் எறிந்தார். பை நடுவானில் அவிழ்ந்தது. முள்முள்ளான சிவப்புப் பழங்கள் ஒன்றொன்றாக நாற்றுக்குள் விழுந்தன. அங்கே நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. அண்ணாச்சியின் கை அடுத்து கார்க்காரரின் சட்டைக் காலரைத் தேடியது.

அதற்குள் மந்திரமூர்த்தி பாய்ந்து வந்து பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டார். அண்ணாச்சியின் கால்கள் தரையில் இல்லை.

"விடுல! விடுல என்ன!"

"அண்ணாச்சி, எண்ணுங்க! டீச்சர் சொன்ன மாதிரி எண்ணுங்க! ஒண்ணு!"

"ஒன்னக் கொன்னுருவேன்!"

"மூச்ச இழுங்க! ரெண்டு!"

"மூணு!" என்றான் குற்றாலீஸ்வரன் படிக்கட்டிலிருந்து. "நாலு!" என்றார்கள் ஜன்னலோரம் இருந்தவர்கள். அஞ்சுக்கு மொத்த பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. ஆறைக் கடைக்காரர் சொன்னார். ரோட்டில் போன ஒரு பள்ளிக்கூட வேன் முழுசும் 'ஏழு' என்றது. கார்க்காரர்கூட எண்ணினார், பயத்தில் பதினொன்று வரைக்கும் எண்ணிவிட்டார். நாலைந்து பேர் வீடியோ எடுத்தார்கள்.

பத்தில் மந்திரமூர்த்தி அவரை மெதுவாக இறக்கி வைத்தார், முட்டைக் கூடையை இறக்குகிற மாதிரி. வேட்டியையும் சரிசெய்துவிட்டார். அண்ணாச்சி திரும்பவும் டிரைவர் சீட்டில் ஏறினார்.

குற்றாலம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போது எட்டு முப்பத்தி ஏழு. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் டைம் கீப்பர் முஃபீத் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் நின்றான். டிரைவர் சீட்டில் இருப்பவரைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த விதியைப் பார்த்தான். 'யாராக இருந்தாலும்' என்று அதில் சிவப்பு மையில் இருந்தது, கீழே அண்ணாச்சியின் கையெழுத்து. படிக்காவிட்டால் வேலை போகும். படித்தாலும் போகும். படித்துவிட்டுப் போவோம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"பயணிகள் கவனத்திற்கு. குழல்வாய்மொழி மோட்டார் சர்வீஸ், காலை எட்டு மணி வண்டி, இருபத்து மூன்று நிமிடம் தாமதம். ஓட்டுநர், மேலகரம் குத்தாலிங்கம் மகன் முத்துக்குமாரசாமி. தாமதத்துக்கு ஓட்டுநரே முழுப் பொறுப்பு."

டீக்கடைப் பக்கமிருந்து ஒரு வயசான குரல் கேட்டது. "யாரு, நம்ம குத்தாலிங்கம் மகனா? மறுபடியும் பஸ் ஓட்ட வந்துட்டானா? பாவம், கம்பெனி முங்கிட்டு போலுக்க."

அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் டைம் ஆபீஸ் மாடிக்குப் போனார். பின்னாலேயே விஜயசங்கரும் பைக்கில் வந்து சேர்ந்தான். பேராச்சி உடனே மேலே போகவில்லை. கீழே பெஞ்சில் உட்கார்ந்து போனில் எழுதினாள். மந்திரமூர்த்தி கொஞ்சம் தள்ளி நின்று கையைப் பிசைந்தார்.

"டீச்சர், நான் அண்ணாச்சியத் தூக்கியிருக்கக் கூடாதோ?"

"தூக்காம? காலரப் பிடிச்சிருந்தா இந்நேரம் ஸ்டேஷன்ல இருந்திருப்பாவ."

"பிள்ளைக்கு இந்த வருசம்தான் நர்சிங் சேத்திருக்கேன்," என்றார் அவர், சம்பந்தமில்லாததைச் சொல்வதுபோல.

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முடித்ததும் ஒருதடவை படித்துப் பார்த்தாள். விரலால் ஒரு தட்டு. பிறகுதான் மாடி ஏறினாள்.

அண்ணாச்சி பன்னீர் சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, காலி பாட்டிலின் கோலிக்குண்டை உருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் 'வாட்டி' என்றார், தணிந்த குரலில். பேராச்சிக்கு ஒரு நப்பாசைகூட வந்துவிட்டது.

"பேராச்சி, நீ சொன்னதுல ஞாயம் இருக்குட்டி," என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ரோட்டுல கோவம்தான் பிரச்சன. ஆனா அது நம்ம டிரைவர்மாரு தப்பு இல்ல."

"ஆமா அண்ணாச்சி."

"எதுக்க வாரவன் தப்பு. அவனுவளுக்குக் கிளாஸ் எடு. அந்த வேன்காரன், ரம்புட்டான் திங்கவன், மேகத்தப் படம் பிடிக்கவன், வளையல்காரி, எல்லாத்துக்கும். வாரவன் ஒழுங்கா வந்தா பதினாலு நிமிசம் தாராளம். ஒன் வாட்சும் சரியில்ல, மாத்திரு. அப்பொறம் அந்த மைக்க இன்னைக்கே களத்திருவோம். மனுசன் மானத்த வாங்குது."

"முப்பது வருசமா வாங்குதே அண்ணாச்சி."

"இன்னைக்குத்தான கேட்டேன்," என்றார் அண்ணாச்சி. ஒளிவுமறைவு இல்லாமல்தான் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். மழையில் ஓரம் நனைந்திருந்தது. "இதுல ஒரு கையெழுத்து. மந்திரமூர்த்தி இனி நமக்குச் சரிப்பட மாட்டான். நூறு பேருக்கு முன்னால மொதலாளிய இடுப்பப் புடிச்சுத் தூக்குதான். அவனுக்குக் கோவத்த அடக்கத் தெரியல."

"அவரு அடக்குனது ஒங்க கோவத்தல்லா!"

"அதான் சொல்லுதேன். அவன் எதுக்கு என் கோவத்த அடக்கணும்?"

விஜயசங்கர் இருமினான். சிரிப்பை இருமலாக மாற்றுகிற வித்தையைப் பதினொரு வருஷ வேலையில் கற்றிருந்தான்.

"ஒனக்குத் தனி ரூம்பு," என்றார் அண்ணாச்சி. "ஏசி போட்டுத் தாரேன். வாசல்ல ஒன் பேரு, படிப்பு எல்லாம் பித்தளையில வெட்டி மாட்டிருவோம். ஒங்கப்பாவக் கூட்டிட்டு வந்து காட்டு. சந்தோசப்படுவான்லா?"

சந்தோஷப்படுவார். அதில் சந்தேகம் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பித்தளையைத் தொட்டுப் பார்ப்பார். பேராச்சிக்கு அது கண்ணில் வந்தது. வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"நான் அனுப்பிட்டேன் அண்ணாச்சி."

"என்னத்த?"

"அறிக்கைய. இப்பதான், கீழ உக்காந்து. கடைசி நாள் வரைக்கும் வச்சுக்கிட்டிருந்தா நானே மனசு மாறிருவேனோன்னு பயமா இருந்துச்சு."

கோலிக்குண்டின் சத்தம் நின்றது. "என்ன எழுதுன?"

"முன்கோபி மந்திரமூர்த்தி இல்ல, பதினாலு நிமிசம்தான்னு எழுதுனேன். ஆறு டிரைவருக்கும் துடிப்பு எத்தனன்னு போட்டிருக்கேன். ஏழாவது டிரைவருக்கும் போட்டிருக்கேன். எழுபத்தி நாலுல ஆரம்பிச்சு நூத்தி நாப்பத்தி ஒண்ணு. அந்த ஏழாவது டிரைவர அடிதடி கேசுல இருந்து காப்பாத்துனது மந்திரமூர்த்தின்னும் எழுதியிருக்கேன். அவர வேலைய விட்டு எடுத்தா, அது கோவத்துனால எடுத்ததுதான், அந்தக் கோவம் யாரு கோவம்னும் எழுதிட்டேன்."

"ரம்புட்டான்?"

"அதையும்."

அண்ணாச்சி எழுந்தார். "ஏட்டி, ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? எவ்வளவு கொழுப்பு இருந்தா என் சோத்தத் தின்னுட்டு என்னையே..." சோடா பாட்டில் மேஜையிலிருந்து உருண்டு விழுந்து உடைந்தது. "இந்த நிமிசத்துல இருந்து ஒனக்கு இங்கன வேல கெடையாது!"

"தெரியும். அறிக்கையில கடைசி வரியே அதுதான். 'இதை அனுப்பியதால் நான் இப்போது அங்கே வேலையில் இல்லை.'" அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாட்சைக் கழற்றினாள். அவர் திகைப்பில் கையை நீட்டிக்கொண்டே நின்றார். "என்னப் படிக்க வச்சது ஒங்க தாளுல பேரு போடுததுக்கு இல்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு நல்லாவே ஓட்டத் தெரியுது. அதையும் எழுதியிருக்கேன். மொத அஞ்சு நிமிசம் ரொம்ப அழகா ஓட்டுனிய."

உடைந்த கண்ணாடியைத் தாண்டிக் கதவுக்குப் போனாள்.

"நில்லுட்டி! அத திருப்பி வாங்க முடியுமா?" என்றார் அண்ணாச்சி.

அவள் படியில் இறங்கினாள்.

"பதினாறுன்னு வச்சுக்கிடுவோம்!"

அடுத்த படி.

"ஏலே சங்கரு, அவள நிறுத்துல! பேராச்சி! பதினெட்டு! சீசனுக்கு மட்டும்!"

கீழே மந்திரமூர்த்தியும் முஃபீத்தும் குற்றாலீஸ்வரனும் ஏலம் பார்க்கிறவர்களைப் போல அண்ணாந்து நின்றார்கள். அண்ணாச்சி மாடி ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"இருபது! இதுக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்! எங்கள மாதிரி ஆளுவ பொழைக்காண்டாமா?"

பேராச்சி சாரலில் நனைந்துகொண்டே, குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற கூட்டத்துக்குள் புகுந்து நடந்தாள். பின்னால் இருபத்தி ரெண்டு என்பது வரைக்கும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.